காதிலிருந்து காதுவரை

அண்ணாச்சி, அந்தப் பையக் கொஞ்சம் நவுத்திக்கிடுதியளா? நாசரேத்துல ஒரு ஆளு எறங்குனதால இந்த எடம் கெடைச்சுது, இல்லன்னா திருநவேலி வரைக்கும் நின்னுக்கிட்டுதான் வரணும். திருச்செந்தூர்லேந்தா வாரிய? பாத்தாலே தெரியுது, மொட்டைத் தலையில சந்தனம் காஞ்சு உதிருதே. நான் குரும்பூர்ல ஏறுனேன். வீட்டுக்காரி ஊரு.

தப்பா எடுத்துக்கிடாதிய, ஒண்ணு கேக்கேன். இவ்வளவு நேரமும் ஒங்களுக்குப் பின்னாலதான் நின்னுக்கிட்டு வந்தேன். கண்ணு அங்கேயே போச்சு. பின்மண்டையில புள்ளி புள்ளியா வெள்ளையா இருக்கே... அட, கைய எடுங்க அண்ணாச்சி, மறைக்காதிய. இந்த வண்டியில ஒருத்தனுக்கும் தெரியாது. அம்மை போட்ட தடம்னு நெனைச்சுட்டுப் போயிருவான். எனக்குத் தெரியும். முடிய ஒண்ணொண்ணா எடுத்து முன்னால நட்டதுதான?

நாலு வருசமா? நல்லா ஆறியிருக்கு. நல்ல கைக்காரன் எடுத்துருக்கான். சில பேருக்கு ஒரே எடத்துல நெருக்கி நெருக்கி எடுத்துருவானுவ, எலி கரம்புன கம்பளி மாதிரி ஆயிரும். ஒங்களுது அப்படியில்ல, எடம் விட்டு எடம் விட்டு எடுத்துருக்கு. இன்னும் ஒரு வாரம் முடி வளந்துச்சுன்னா ஒரு பய கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு எப்படித் தெரியும்னு கேக்கியளா? இந்தா, பாருங்க. முடியத் தூக்கிப் புடிக்கேன், நல்லாப் பாருங்க. இந்தக் காதுக்குப் பின்னால ஆரம்பிச்சு அந்தக் காது வரைக்கும் போகுதா? ஒரு வெரக்கடை அகலம். எனக்குக் கோடு, ஒங்களுக்குப் புள்ளி. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா அந்த வித்தியாசத்துல என் குடும்பமே போச்சு பாத்துக்கிடுங்க.

எம்பேரு நயினார். ஆறுமுகநயினார். திருநவேலி ஜங்ஷன்ல ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டு செக்‌ஷன்ல பதினெட்டு வருசமா நிக்கேன். பட்டு செக்‌ஷன்னா ஒங்களுக்குத் தெரியும்லா, சுத்திக் கண்ணாடி, மேல பூரா லைட்டு. அந்த லைட்டு சேலைக்காகப் போட்டது, ஆனா அடிக்கது என் மண்டையில. இருபத்தாறு வயசுலயே எனக்கு முன்னால பூராக் காலி. சேலையப் பிரிச்சுக் காட்டக் குனிஞ்சேன்னா பொம்பளைய சேலையப் பாக்க மாட்டாளுவ, என் தலையப் பாப்பாளுவ. ஒருத்தி சிரிச்சே போட்டா.

அது போகட்டும். பொண்ணு பாக்கப் போனோம். ஒண்ணா ரெண்டா, ஏழு எடம். கடைசியாப் போன எடத்துல காப்பித் தட்டக் கொண்டாந்து என் முன்னால வச்ச பொண்ணோட அத்தை, எங்கப்பாவப் பாத்து, "மாப்பிள்ளை பொறவு வாராவளா?"ன்னு கேட்டா. நான் மாப்பிள்ளைக்கு அண்ணன்னு நெனைச்சுட்டா அவ. எங்கப்பாதான் சமாளிச்சாவ. "இவன்தாம்மா மாப்பிள்ளை, நல்லாப் பாத்துக்கிடு, ரெண்டு தடவ பாக்க வேண்டிய மூஞ்சி"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாவ. வீட்டுக்கு வந்ததும் என்னக் கூப்பிட்டு, "ஏல, மதுரையில ஒரு டாக்டர் முடி நடுதாராம்லா, போயிப் பாத்துருவோமா?"ன்னு கேட்டதும் அவியதான்.

எங்கப்பா பேரு ஆவுடையப்பன். மில்லுல இருந்து ரிட்டயர் ஆனவிய. எங்கம்மா அதுக்கு முந்தியே தவறிட்டாவ. வீட்ல நானும் அவியளும்தான். ஒரு ஈயக்கூட அடிக்க மாட்டாவன்னு சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லுவாவல்லா, அப்படி ஒரு ஆளு நெசமாவே இருந்தாருன்னா அது எங்கப்பாதான். ஸ்கூல்ல வாத்தியாரு என்ன அடிச்சதுக்கு இவிய போயி அழுதுட்டு வந்தாவன்னா பாத்துக்கிடுங்க.

மதுரையில அந்த டாக்டரு ரெண்டு முறையும் சொன்னாரு. புள்ளி முறைன்னா பின்மண்டைய ஒட்ட வழிக்கணும். ஒரு மாசத்துக்கு வெளிய தெரியும். பட்டை முறைன்னா வழிக்க வேண்டாம். மேல இருக்க முடியத் தூக்கி கிளிப்பப் போட்டுட்டு, அடியில ஒரு பட்டை தோல வெட்டி எடுத்துட்டு, ரெண்டு ஓரத்தையும் சேத்துத் தச்சுருவாவ. எடுத்த பட்டைய முடி முடியாப் பிரிச்சு முன்னால நடுவாவ. மேல இருக்க முடி விழுந்து தையல மூடிக்கிடும். அன்னைக்கே வெளிய போகலாம், பின்பக்கம் பாத்தா ஒண்ணும் தெரியாது.

நான் எதுக்குப் போனேன்? ஒருத்தருக்கும் தெரியக் கூடாதுன்னுதான போனேன்? பட்டை முறைன்னு ஒடனே சொல்லிட்டேன். டாக்டரு கேட்டாரு, "தம்பி, ஒட்ட வெட்டுனா கோடு தெரியும். வாழ்க்கையில எப்பவாவது மொட்டை போடுவீங்களா?" நான் போட மாட்டேன்னேன். பக்கத்துல இருந்த எங்கப்பா சும்மா இருக்கக் கூடாதா? "என் காலத்துக்குப் பொறவு ஒரு தடவ போடணும்லா டாக்டர்"னாவ. டாக்டரு சிரிச்சுட்டாரு. நான், "யப்பா, செத்த சும்மா இருங்க"ன்னேன். அதோட அந்தப் பேச்சு போச்சு. டாக்டருன்னா அந்த எடத்துல நிறுத்தியிருக்கணுமா வேண்டாமா? இவனுக்கு அப்பா இருக்காரு, ஒரு நாளு மொட்டை விழும், புள்ளி முறைதான் சரின்னு அவருல்லா சொல்லியிருக்கணும்? சிரிச்சுட்டு ஊசியப் போட்டுட்டாரு.

கடையில அம்மைன்னு லீவு சொன்னேன். அம்மைன்னா ஒருத்தனும் எட்டிப் பாக்க மாட்டான்லா. வாசல்ல வேப்பிலை சொருகுனது எங்கப்பாதான். பன்னெண்டு நாளு. முடி நட்ட எடம் பூரா பொருக்காக் கெடக்கு, தலைய ஒரு பக்கமும் சாய்க்க முடியாது, நாற்காலியில உக்காந்த மேனிக்குத் தூங்குவேன். எங்கப்பா கால்மாட்டுல தரையில படுத்துருப்பாவ. நான் கனவுல கைய தலைக்குக் கொண்டு போனாக்கூட எந்திரிச்சுப் புடிச்சுருவாவ. காலையில ஒரு மக்குல வெதுவெதுன்னு தண்ணி எடுத்துட்டு வந்து, கைய வச்சுத் தடுத்துத் தடுத்துச் சொட்டுச் சொட்டா ஊத்துவாவ. பின்னால தையலுக்கு மருந்து தடவுனதும் அவியதான். அந்தத் தழும்பு எப்படி வந்துச்சுன்னு இந்த ஒலகத்துலயே எனக்கு அடுத்தாப்புல நல்லாத் தெரிஞ்ச ஆளு எங்கப்பா ஒருத்தர்தான்.

ரெண்டு மாசம் பாரம் தூக்கக் கூடாதுன்னாவ. கடையில விடுவானுவளா? முகூர்த்த சீசன். பட்டு பண்டலத் தூக்குனேன், தையலு இழுத்துச்சு. நூலு மாதிரி இருக்க வேண்டிய தழும்பு வெரக்கடை அகலத்துக்கு ஆயிப்போச்சு. அதுக்கும் நானா பொறுப்பு?

ஆனா முடி வந்துச்சு. அதச் சொல்லணும். எட்டே மாசத்துல முன்னால அடர்த்தியா வந்துச்சு. அடுத்த வைகாசியில கல்யாணம். வடிவு. முழுப்பேரு சண்முகவடிவு. நல்ல குடும்பம், நல்ல பிள்ளை. என்ன ஒண்ணு, அவ அப்பன் குடிச்சுட்டு வந்து அடிக்க ஆளு. அவளையும் அடிப்பான், அவ அம்மாவையும் அடிப்பான். அவ அம்மாவுக்கு ஒரு காது கேக்காது, அவன் அடிச்சதுல போனது. கல்யாணத்துக்கு முந்தியே அவன் செத்துட்டான், நான் பாத்ததில்ல.

கல்யாணமாகி ரெண்டாவது மாசம், ஒரு சனிக்கிழமை. எண்ணெ தேச்சு விடுதேன்னு பின்கட்டுல மணைய எடுத்துப் போட்டா. நான் வேண்டாம் வேண்டாம்னேன், கேக்கல. நல்லெண்ணெய உச்சியில வச்சு அரக்கித் தேச்சுக்கிட்டே பின்னால வந்தவ, கை அப்படியே நின்னு போச்சு. வெரல வச்சு இந்தக் காதுலேந்து அந்தக் காது வரைக்கும் தடவிப் பாக்கா. "என்னங்க இது, இவ்வளவு பெரிய தழும்பு?"ன்னு கேக்கா.

என்ன சொல்ல? முடி நட்டதுன்னு சொன்னா, சொட்டையன என் தலையில கட்டிட்டானுவன்னு நெனைக்க மாட்டாளா? வாயில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன். "சின்ன வயசுல எங்கப்பா அடிச்சது"ன்னேன். வேற எதையாவது சொல்லியிருக்கலாம். சைக்கிள்லேந்து விழுந்தேன்னு சொல்லியிருக்கலாம். அது அப்ப வரல, இதுதான் வந்துச்சு.

அவ அழுதுட்டா அண்ணாச்சி. எண்ணெக் கையோட என் தலைய அப்படியே நெஞ்சுல வச்சு அமுத்திக்கிட்டு ஓன்னு அழுதா. "ஒங்களுக்குமா, ஒங்களுக்குமா"ன்னு கேட்டு அழுதா. அன்னைக்கு அவ எம்மேல வச்ச பிரியம் இருக்கே, அத நான் அதுக்கு முந்தியும் கண்டதில்ல, பொறவும் கண்டதில்ல. என் எலையில ஒரு துண்டு மீனு கூட விழும். அத்தன பிரியத்தையும் அப்ப போயி வேண்டாம், நான் சொன்னது பொய்யின்னு எவன் சொல்லுவான்? நீங்க சொல்லியிருப்பியளா?

இருங்க, அந்தா எதிர்ல ஜன்னலோரமா பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு இருக்காவளே, அவியதான் ஒங்க வீட்டம்மாவா? அவியளுக்குத் தெரியுமா? ... அவியளே கூட வந்து, அவியளே மருந்து போட்டு விட்டாவளா! பாத்தியளா. அதான் புள்ளி முறையில உள்ள வசதி. கோடுன்னா மறைக்கத் தோணும். புள்ளின்னா சொல்லிறலாம்.

சரி, விட்ட எடத்துக்கு வாரேன். எங்கப்பா எங்ககூடத்தான் இருந்தாவ. வடிவு அவியளுக்கு ஒரு கொறையும் வைக்கல, அதச் சொல்லிறணும். நேரத்துக்குச் சோறு வரும். ஆனா தட்டத் தரையில வச்சு, காலால இல்ல, கையாலதான், லேசா முன்னால தள்ளி விட்டுட்டுப் போயிருவா. ஒரு பேச்சு இருக்காது. எங்கப்பா, "வடிவு, ரசம் நல்லாருக்கு தாயி"ன்னு சொல்லுவாவ, அவ அடுப்படிக்குள்ள போயிருப்பா. மருமவளுக்குக் கூச்சம்னு நெனைச்சுக்கிட்டாவ எங்கப்பா.

பொறவு சுபி பொறந்தா. சுபிக்ஷா, எம் மவ. அப்பத்தான் கஷ்டமாச்சு. பிள்ளைய அவியகிட்ட விட மாட்டா. தாத்தா மடியில உக்காரக் கூடாது, தாத்தா கூடக் கடைக்குப் போகக் கூடாது. பிள்ளைகிட்டயே சொல்லி வச்சுருக்கா, "தாத்தா அடிப்பாவ, கிட்டப் போகாத". நான் கண்டுக்கிடல. பொம்பளைய சமாச்சாரம், நாம போயி என்னத்தச் சொல்ல?

சுபிக்கு நாலு வயசு இருக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். வாசல்ல பைப்படியில பிள்ள வழுக்கி விழுந்து நெத்தி வீங்கிப் போச்சு. எங்கப்பாதான் ஓடிப்போயித் தூக்குனாவ. அழுத பிள்ளையத் தூக்கிக்கிட்டு உள்ள வாராவ. வடிவு பாத்துட்டா. பாஞ்சு பிள்ளையப் புடுங்குனா. "பெத்த பிள்ளையோட மண்டையப் பொளந்த கைதான இது? அந்தப் புத்தி போகுமா? என் பிள்ளையத் தொட்டிய, நான் மனுசியா இருக்க மாட்டேன்"ன்னு கத்துதா.

எங்கப்பா, "யாரு மண்டையம்மா?"ன்னு கேட்டாவ. அவ என்னக் கைய நீட்டிக் காட்டுனா. "காதுலேந்து காது வரைக்கும் கிழிச்சு வச்சுருக்கியளே, நான் தடவிப் பாத்துருக்கேன்லா"ன்னா.

எங்கப்பா என்னப் பாத்தாவ. நான் சோத்தப் பாத்தேன். மோர்க்கொழம்பு. இன்னும் ஞாபகம் இருக்கு.

பொறவு எங்கப்பா சொன்னாவ, "ஆமா தாயி. அப்ப எனக்குக் கோவம் சாஸ்தி. இப்ப இல்ல."

கேட்டியளா அண்ணாச்சி? அவியளாத்தான் சொன்னாவ. நானா சொல்லச் சொன்னேன்? இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாவன்னா அன்னைக்கே விசயம் முடிஞ்சுருக்கும். என் பாடு நாறியிருக்கும், ஆனா முடிஞ்சுருக்கும். அவிய ஆமான்னு சொல்லப் போயித்தான் இது இவ்வளவு தூரம் வந்துச்சு. பெரிய மனுசனுக்கு இது தெரிய வேண்டாமா?

மறுநாளு கடைக்கு வந்தாவ. வாசல்ல கண்ணாடிக் கதவுக்கு வெளிய நிக்காவ, உள்ள வரல. டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏசுவாவன்னு நெனைச்சேன். ஏசல. டீய ஆத்திக்கிட்டே கேட்டாவ, "ஏல நயினாரு, எத வச்சுல அடிச்சேன்னு சொல்லி வச்சுருக்க? யாராவது கேட்டா ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லணும்லா?"

"வாளியால"ன்னேன்.

"இரும்பு வாளியா, தகர வாளியா?"

"இரும்பு வாளி. அதோட விளிம்பு பட்டுக் கிழிஞ்சதுன்னு சொல்லியிருக்கேன்."

"எத்தன வயசுல?"

"ஏழு."

எங்கப்பா யோசிச்சாவ. "ஏழு வயசுல ஒனக்கு டைபாய்டுலா? ஒரு மாசம் ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலைஞ்சேனே. அப்ப போயி அடிச்சேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? எட்டுன்னு வச்சுக்கிடுவோம்ல." சொல்லிட்டு டீயக் குடிச்சாவ. டம்ளர வச்சுட்டு, "அந்தப் பிள்ளகிட்ட இனிமே மாத்திச் சொல்லாத. நீ பொய் சொன்னன்னு தெரிஞ்சா ஒம்மேல வச்ச மதிப்பு போயிரும்"னாவ. என்ன மனுசன் அண்ணாச்சி அவிய! என் நல்லதுக்குத்தான சொன்னாவ? அவிய பேச்சத் தட்டக் கூடாதுன்னுதான் நான் பொறவு வாயத் தெறக்கல.

அதுக்குப் பொறவு நாலு வருசம் இருந்தாவ. வீட்டுக்குள்ள சுபி குறுக்க வந்தான்னா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டுச் செவுத்தோரமா ஒதுங்கிக்கிடுவாவ. அவ போன பொறவுதான் கைய எடுப்பாவ. அத நான் பாத்துருக்கேன். சங்கடமாத்தான் இருக்கும். என்ன செய்ய?

போன ஆடியில மூச்சுத் திணறல் வந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒரு வாரம் வச்சுருந்துட்டு, வீட்டுக்குக் கொண்டு போயிருங்கன்னுட்டாவ. ஆடித் தள்ளுபடி நேரம், கடையில லீவு கெடையாது. ஒரு புதன்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும், நான் கடையில நிக்கேன், போன் வந்துச்சு. வடிவுதான் பொறவு சொன்னா. சுபியப் பாக்கணும்னு கேட்டாவளாம். இவ பிள்ளையக் கையில புடிச்சுக்கிட்டு வாசப்படியிலயே நின்னுருக்கா. "பாப்பா, தாத்தா ஒண்ணும் செய்ய மாட்டேன், கிட்ட வா"ன்னாவளாம். பிள்ள அம்மா சேலைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டாளாம். "சரி சரி, அங்கனயே நில்லு, இங்கேருந்தே நல்லாத் தெரியுது"ன்னாவளாம். அவ்வளவுதான், அரை மணி நேரத்துல போயிட்டாவ.

சுடுகாட்டுல வச்சு ஆரம்பிச்சுது எனக்கு. நான் ஒத்தைப் பிள்ளை, கொள்ளி வைக்கணும், தலைய வழிக்கணும். நான் சித்தப்பாகிட்டத் தனியாப் போயிச் சொன்னேன், "மீசைய மட்டும் எடுத்துக்கிடுதேன் சித்தப்பா, தலையில கத்தி படக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு"ன்னு. அவரு மெதுவாப் பேசுனா என்ன? அத்தன பேரு முன்னால, "பெத்தவனுக்கு மயிரக்கூடக் குடுக்க மாட்டியால?"ன்னு கேட்டுட்டாரு. உக்காந்துட்டேன். உக்காராம என்ன செய்ய?

சவரம் பண்ண வந்தவரு பேச்சிமுத்து, நல்ல மனுசன்தான், வாய்தான் கூட. உச்சியில தண்ணியத் தெளிச்சு வழிச்சுக்கிட்டே பின்னால வந்தாரு. கத்தி நின்னுச்சு. "என்ன அண்ணாச்சி, தையல்லா இருக்கு?"ன்னாரு. சின்ன வயசுல பட்ட அடின்னேன். அதோட விட்டுட்டு வழிக்கத வழிக்க வேண்டியதுதான? "அடியா? அடிபட்ட தழும்பு கோணக்க மாணக்கன்னுல்லா கெடக்கும்? இது ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாப்புல இருக்கு, ஓரத்துல தையல் போட்ட தடமும் இருக்கு. இது முடி நட எடுத்தது அண்ணாச்சி. என் கடைக்கு வார பேங்க் மேனேஜருக்கும் இதே கோடுதான்"ன்னாரு. என்னமோ கண்டுபிடிச்சுட்ட மாதிரி ஒரு சிரிப்பு வேற.

நாலடி தள்ளி என் மச்சினன் கொம்பையா நின்னான். வடிவுக்கு அண்ணன். கைய கட்டிக்கிட்டு நின்னவன், கட்டுன கைய எறக்குனான். எங்கப்பா அங்க வெறகு மேல கெடக்காவ, இவன் என் பின்மண்டையவே பாக்கான்.

வடிவு ஒடனே ஒண்ணும் கேக்கல. பதினாறு நாளும் விரதச் சோறு பொங்குனா, வந்தவியளுக்குக் காப்பி போட்டா, எல்லாம் செஞ்சா. நான் குனிஞ்சு நிமிந்தா என் பின்னந்தலையப் பாப்பா. விசேசம் முடிஞ்சு எல்லாரும் போன அன்னைக்கு எதிர்ல வந்து உக்காந்தா. "அண்ணன் சொன்னது நெசமா?"ன்னா.

சரி, இனி மறைச்சு என்னன்னு எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னேன். ஒரு காயிதத்துல தலையப் படம் போட்டே காட்டுனேன். இது பட்டை முறை, இது புள்ளி முறை, புள்ளின்னா அப்ப பின்னால வழிக்க வேண்டியிருந்துச்சு, அதனாலதான் பட்டை எடுத்தேன், புள்ளி எடுத்துருந்தா நீ தடவிப் பாத்துருந்தாலும் ஒண்ணும் தட்டுப்பட்டுருக்காது, நானும் ஒண்ணும் சொல்லியிருக்க வேண்டியதில்லன்னு சொன்னேன். பொறுமையாக் கேட்டுக்கிட்டு இருந்தா. எல்லாம் கேட்டுட்டுச் சொல்லுதா, "நான் அதக் கேக்கல. அவிய ஒங்கள ஒரு நாளாவது அடிச்சுருக்காவளா?"

"இல்ல"ன்னேன்.

அவ அழல. தரையப் பாத்துக்கிட்டே பேசுதா. "ஒரு தங்கமான மனுசனுக்கு இத்தன வருசம் சோத்தத் தரையில தள்ளி விட்டுருக்கேன். சாகப் போற நேரத்துல பேத்தியத் தொட விடல. எங்கப்பன் செஞ்ச பாவத்துக்கெல்லாம் ஒங்கப்பாவத் தண்டிச்சுருக்கேன். என்ன இப்படி ஆக்கிட்டியளே." அவிய ஆமான்னு சொன்னத அவளும்தான காதால கேட்டா?

மறுநாளு பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் குரும்பூருக்கு வந்துட்டா. அஞ்சு மாசமாச்சு. வர மாட்டேன்னு சொல்லல, அதச் சொல்லணும். ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. "சுபிகிட்ட நீங்க சொல்லணும். தாத்தா ஒரு நாளும் கை நீட்டுனதில்லன்னு ஒங்க வாயால சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா, தாத்தா அடிப்பாவன்னு சொல்லி வளத்ததே நான்தான? நீங்க சொன்ன அன்னைக்கு நானே பெட்டியத் தூக்கிக்கிட்டு ஒங்க பின்னால வாரேன்"ன்னா.

இன்னைக்கோட நாலு தடவ வந்துட்டேன். மொத தடவ வந்தப்ப வீட்ல ஆளுக இருந்தாவ. ரெண்டாவது தடவ பிள்ளைக்குப் பரிச்சை. மூணாவது தடவ சொல்லணும்னு பக்கத்துல கூப்பிட்டு உக்கார வச்சுட்டேன், ஆனா அவ படம் வரைஞ்சு காட்டுனா, அதப் பாத்துக்கிட்டு இருந்ததுல நேரம் போயிட்டு. இதுக்கு நடுவுல மதுரைக்கும் போன் போட்டுக் கேட்டேன். தாடி முடிய ஒண்ணொண்ணா எடுத்து இந்தக் கோட்டு மேலயே நடலாமாம். ஒங்க புள்ளி முறையிலதான். பாதிக்கு மேல மறைஞ்சுருமாம். கோடு இல்லன்னா பேச்சே இல்லல்லா? வடிவுகிட்டச் சொன்னேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா.

இன்னைக்கு சொல்லிறணும்னுதான் வந்தேன், முருகன் சத்தியமா. வண்டியில வரும்போதே வார்த்தைய எடுத்து வச்சுக்கிட்டுதான் வந்தேன். தாத்தா அடிக்கல மக்கா, அப்பாவுக்கு டாக்டர் ஆப்பரேசன் பண்ணுன தழும்பு இது. அவ்வளவுதான். ஒரே மூச்சுல சொல்லிறலாம். கொம்பையா இல்ல, வெளிய போயிருந்தான். வடிவு அடுக்களை நெலையில சாஞ்சு நின்னுக்கிட்டா. சுபி என் பக்கத்துல வந்து கட்டில்ல ஏறி முட்டி போட்டு நின்னா. எம்பிள்ளைக்கு ஒம்போது வயசு, நல்ல ஒசரம்.

நான், "சுபி, இந்தத் தழும்பு இருக்குல்லா"ன்னு ஆரம்பிச்சுட்டேன் அண்ணாச்சி. ஆரம்பிச்சுட்டேன். அவ அதுக்குள்ள என் முடிய வெலக்கிப் பாக்கா. சின்ன வெரலு. ஒரு ஓரத்துலேந்து மறு ஓரம் வரைக்கும், நோகுமோன்னு பயந்து பயந்து தடவுதா. தடவிக்கிட்டே என் காதுக்கிட்ட வந்து, "தாத்தா அடிச்சப்ப ரொம்ப வலிச்சுதாப்பா?"ன்னு கேட்டா. திரும்பிப் பாக்கேன், பிள்ளைக்குக் கண்ணு நெறைஞ்சு நிக்கு. எனக்காக அழுதா அண்ணாச்சி. எம்பிள்ள எனக்காக அழுதா.

நான், "ஆமா மக்கா, வலிச்சுது"ன்னேன்.

வடிவு நெலைய விட்டு வந்தா. சண்டை ஒண்ணும் போடல. பிள்ளைய எறக்கி உள்ள போகச் சொல்லிட்டு, வாசக் கதவத் தெறந்து வச்சுட்டு, "வண்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க. இனிமே வராதிய"ன்னா. இந்த வண்டியில வந்து ஏறுன பொறவுதான் யோசிச்சுப் பாத்தேன்.

நீங்களே சொல்லுங்க. பிள்ள வலிச்சுதான்னுதான கேட்டா? மரப்பு ஊசி எறங்குன பொறவு ரெண்டு நாளு இந்தத் தையலு என்னப் போட்டு எடுத்த எடுப்பு எனக்குல்லா தெரியும். உயிரு போற வலி. அதத்தான் வலிச்சுதுன்னு சொன்னேன். இதுல நான் எங்க அண்ணாச்சி பொய் சொன்னேன்?